வலி போனால் தோள் ஆறிவிட்டதா?

தோள்பட்டையில் அறுவை செய்துகொண்டு மூன்றாவது மாதத்தில் இருக்கும் ஒருவரை நலம் விசாரித்துப் பாருங்கள். வலி இல்லை, கை தலைக்கு மேல் போகிறது, ராத்திரி தூக்கம் வருகிறது, இனிப் பழையபடி எல்லாம் செய்யலாம் என்பார். கபடி ஆடுகிறவர், ஜிம்முக்குப் போகிறவர், மாலையில் ஷட்டில் ஆடுகிறவர், சுவருக்குப் பெயின்ட் அடித்துப் பிழைப்பவர், யாராக இருந்தாலும் அதிகக் கவனம் வேண்டியிருப்பது அந்த நாட்களில்தான். தைத்து ஒட்டவைத்த தசைநாண் மறுபடி கிழிவது பெரும்பாலும் அறுவைக்குப் பின் 6-ஆவது வாரத்துக்கும் 26-ஆவது வாரத்துக்கும் நடுவில். வலி அடங்கி உற்சாகம் திரும்புகிற காலமும் அதுவே.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. அறுபதைக் கடந்த பலருடைய தோளில் தசைநாண் கிழிந்திருக்கும். அவர்களோ தண்ணீர்க் குடம் தூக்குவார்கள், பரணில் சாமான் எடுத்து வைப்பார்கள், கிழிசல் இருப்பதே தெரியாமல் காலம் கழிப்பார்கள். வலி சொல்வது ஒன்று, ஸ்கேன் படம் காட்டுவது ஒன்று, கை செய்து முடிக்கும் வேலை இன்னொன்று. இவை மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்று நம்பியதால்தான் தேவையில்லாத அறுவைகள் ஏராளமாக நடந்தன. தேவையான அறுவைக்குப் பிறகு அவசரப்பட்டுக் கெடுத்துக்கொண்டதற்கும் அதே நம்பிக்கைதான் காரணம். உடலை இயக்கி வாழ்கிறவர் தோள் காயத்திலிருந்து எப்படி மீள்கிறார் என்று கேட்டால், இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டு மீள்கிறார் என்பதே என் பதில்.

சிக்கலின் வேர் மூட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. இடுப்பில் தொடை எலும்பின் தலை ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் அந்த ஆழம் கிடையாது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தன் பரப்பில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ மட்டுமே உள்ள மேலோட்டமான குழியில் சாய்ந்து நிற்கிறது. குழியின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற நார்க்குருத்து வளையம். மூட்டைச் சுற்றி ஓர் உறை. அதற்கும் மேலே நான்கு தசைகளின் நாண்கள் சேர்ந்து தலையைக் குழியோடு அழுத்திப் பிடிக்கின்றன. ரொட்டேட்டர் கஃப் என்பது இந்த நான்கும் சேர்ந்த அமைப்பு. கையை உடம்போடு எலும்பு வழியாக இணைப்பது காறை எலும்பு ஒன்றுதான். மற்றதெல்லாம் தசையின் பொறுப்பு. கை இத்தனை திசைகளில் சுழல்வதும் அதனால்தான், எளிதில் விலகுவதும் அதனால்தான். தேர்ந்த பேஸ்பால் வீரர் பந்தை எறியும் கணத்தில் அவருடைய மேற்கை நொடிக்கு ஏறத்தாழ 7,000 டிகிரி வேகத்தில் உள்நோக்கிச் சுழல்கிறது. அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தி நிறுத்த வேண்டிய வேலை விரல் தடிமன்கூட இல்லாத நாண்களுக்கு.

நவீனத் தோள் மருத்துவத்தைத் தொடங்கிவைத்தவர்களில் முதன்மையானவர் பாஸ்டன் நகரத்து எர்னஸ்ட் ஆமரி காட்மன். கிழிந்த தோள் தசைநாணைத் தைத்த அனுபவத்தை 1911-இல் எழுதினார். தோளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1934-இல் வந்தது. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டும் பயிற்சியை இன்றும் பிசியோதெரபிஸ்டுகள் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். ஆனால் அவரை நான் மதிக்கும் காரணம் வேறு. அறுவை செய்த ஒவ்வொரு நோயாளியையும் ஓராண்டு கழித்துத் தேடிப்பிடித்து, கை உண்மையில் பயன்பட்டதா என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். சக மருத்துவர்கள் அதை விரும்பவில்லை. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து விலகி, சொந்தமாக ஒரு சிறிய மருத்துவமனை நடத்தி, தன் பிழைகளையும் சேர்த்தே அச்சிட்டு வெளியிட்டார். அவர் கேட்ட கேள்விக்குத் தோள் மருத்துவம் முழு மனதோடு பதில் தேடத் தொடங்கியது ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு.

அந்தப் பதில்களில் ஸ்கேன் சம்பந்தப்பட்டவை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை. தோளில் எந்தத் தொல்லையும் இல்லாத 96 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1995-இல் வெளியானது. அவர்களில் 34 சதவீதத்தினருக்கு ரொட்டேட்டர் கஃப் கிழிசல் இருந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கும் அதிகமானோருக்கு. விளையாட்டு வீரர்களிடமும் அப்படியே. கையைத் தலைக்கு மேல் வீசி ஆடும் உயர்மட்ட வீரர்கள் 20 பேரை ஆராய்ந்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில், எறியும் தோளில் கிழிசல் 40 சதவீதத்தினருக்கு இருந்தது, மறு தோளில் ஒருவருக்கும் இல்லை. ஐந்தாண்டு கழித்தும் அவர்களில் யாருக்கும் அதனால் தொல்லை வரவில்லை. ஆடிய தோளில் ஆட்டத்தின் தடம் பதிந்திருக்கிறது, அவ்வளவே. நம் ஊரில் லேசாகத் தோள் வலித்தாலே ஸ்கேனுக்கு எழுதிக்கொடுப்பதும், ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்ற ஒரு வரியைக் கேட்டதும் குடும்பமே கலங்கிப்போவதும் வாடிக்கையாகிவிட்டன. அந்தக் கிழிசல்தான் இந்த வலிக்குக் காரணமா என்பதைப் படம் சொல்லாது. கையை எப்படித் தூக்கும்போது வலிக்கிறது, எந்தத் திசையில் வலு குறைந்திருக்கிறது என்று தொட்டு, அசைத்துப் பார்க்கும் மருத்துவரால்தான் சொல்ல முடியும்.

அறுவை விஷயத்திலும் இப்படி ஒரு பாடம் கிடைத்தது. 1972-இல் சார்ல்ஸ் நீர் என்ற அமெரிக்க மருத்துவர், தோளின் கூரைபோல் நிற்கும் எலும்பு முனை கீழே உள்ள நாணை உரசிக் கெடுக்கிறது என்று விளக்கி, அந்த முனையைச் செதுக்கிவிடும் அறுவையை முன்வைத்தார். கேட்பவருக்கு உடனே புரிகிற விளக்கம் அது. நுண்துளை அறுவை வந்த பிறகு உலகம் முழுவதும் லட்சக்கணக்கானோருக்கு இதைச் செய்தார்கள். பிறகு பிரிட்டனில் 313 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எலும்பைச் செதுக்கினார்கள். இன்னொரு குழுவுக்கு கேமராவை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் செய்யவில்லை. செதுக்கியவர்களுக்கும் செதுக்காமல் துளை மட்டும் போட்டவர்களுக்கும் முடிவில் வேறுபாடே இல்லை. ஒன்றும் செய்யாத குழுவைவிட இவர்கள் பெற்ற நன்மையும் நோயாளி உணரக்கூடிய அளவுக்கு இல்லை. 2018-இல் பின்லாந்து ஆய்வும் இதையே கண்டது. போலி அறுவையைவிடச் செதுக்கல் மேலானதாக இல்லை. மறு ஆண்டே பிரிட்டிஷ் மருத்துவ இதழின் வழிகாட்டுக் குழு இந்த அறுவையைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உறுதியாக எழுதிவிட்டது. கிழிசல் பெரிதாக இல்லாமல், கை தூக்கும்போது மட்டும் பிடிக்கிற வலிக்கு யாராவது ‘எலும்பு உரசுகிறது, கொஞ்சம் செதுக்கிவிடலாம்’ என்றால், வேறு ஒரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.

அப்படியானால் அந்த வலிக்கு என்னதான் மருந்து? பயிற்சி. அதிலும், சுமையைப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சி. 2021-இல் வெளியான கிராஸ்ப் என்ற பிரிட்டிஷ் ஆய்வில் 708 பேர் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினர் பிசியோவிடம் ஆறு முறை வரை போய்ப் பயிற்சி பெற்றார்கள். இன்னொரு பகுதியினருக்கு ஒரே ஒரு முறை உட்காரவைத்து நன்றாக விளக்கி, வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். ஓராண்டு முடிவில் இருவரும் ஒரே நிலையில் இருந்தார்கள். ஸ்டீராய்டு ஊசி முதல் சில வாரங்களுக்கு மட்டும் கொஞ்சம் உதவியது. பஸ் ஏறி நாற்பது கிலோமீட்டர் போனால்தான் பிசியோ கிடைக்கும் என்ற நிலையில் உள்ள ஊர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. சரியாகச் சொல்லிக்கொடுத்த ஒரு மணி நேரம் வீண்போகாது. தினமும் போய்ப் படுத்து, மெஷின் பட்டையை ஒட்டவைத்துக்கொண்டு, சூட்டு ஒத்தடம் வாங்கிக்கொண்டு திரும்புவதால் மட்டும் தோளுக்கு வலு வந்துவிடாது. தசையும் நாணும் சுமையைத் தாங்கிப் பழகினால்தான் வலு பெறும்.

விலகிய தோளின் கதை வேறு. கபடியில் ரெய்டரை வளைத்து மடக்கும்போது கை பின்னால் முறுக்கிக்கொள்வதும், பைக்கிலிருந்து விழும்போது கையை ஊன்றுவதும், கிரிக்கெட்டில் பந்தைத் தடுக்கப் பாய்வதும் தோளை முன்பக்கமாக நழுவவைக்கும். தோள் விலகல்களில் 95 சதவீதம் இப்படி முன்பக்கம் நழுவுபவை. ‘தோள் இறங்கிவிட்டது’ என்று அங்கேயே நாலு பேர் பிடித்து இழுப்பது நம் மைதானங்களில் அன்றாடம் நடக்கிறது. கட்டு வைத்தியர்களின் கைப்பழக்கத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை. தலைமுறை தலைமுறையாக மக்கள் அவர்களை நம்பி வந்திருக்கிறார்கள். ஆனால் விலகலோடு எலும்பு முறிவும் இருந்தால், அல்லது தோளைச் சுற்றி ஓடும் நரம்பு ஏற்கெனவே நசுங்கியிருந்தால், படம் பார்க்காமல் இழுக்கும் ஒரு இழுப்பில் கை நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும். எக்ஸ்ரே எடுத்து, தோளின் வெளிப்புறத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, மயக்கமோ வலி நிவாரணமோ கொடுத்து உட்காரவைப்பதற்கு அரசு மருத்துவமனையில் அரை நாள் ஆகலாம். அந்த அரை நாளைக் கொடுத்துவிட வேண்டும்.

முதல்முறை விலகியவருக்கு உடனே அறுவை வேண்டுமா என்பது நீண்டகாலமாக நடக்கும் விவாதம். லேப்ரம் குழியின் விளிம்பிலிருந்து பிய்ந்து வருவதுதான் மறுபடி மறுபடி விலகுவதற்குக் காரணம் என்று லண்டனில் பிளண்டல் பாங்கார்ட் 1923-இல் எழுதினார். அதைத் திரும்ப ஒட்டும் அறுவை இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. அமெரிக்க ராணுவத்தின் இளம் வீரர்களை வைத்து 2002-இல் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. ஸ்லிங்கும் பயிற்சியும் மட்டும் பெற்ற 12 பேரில் 9 பேருக்குத் தோள் மறுபடி நழுவியது. அறுவை செய்துகொண்ட 9 பேரில் ஒருவருக்கு மட்டும். இருபதைத் தாண்டாத, மோதி ஆடும் ஆட்டக்காரருக்கு முதலிலேயே அறுவை என்ற வாதத்துக்கு இது வலு சேர்க்கிறது. ஆனால் சுவீடனில் ஹொவேலியஸ் குழுவினர் 25 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து பார்த்ததில், அறுவை செய்யாத இளைஞர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேரின் தோள் மறுபடி விலகவே இல்லை, அல்லது காலப்போக்கில் தானாக நிலைபெற்றுவிட்டது. என் வாசிப்பில், முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை வயது, ஆட்டம், குழியின் எலும்பு தேய்ந்த அளவு ஆகிய மூன்று. எலும்பு நிறையத் தேய்ந்திருந்தால் லேப்ரத்தை ஒட்டுவது மட்டும் போதாது. பக்கத்து எலும்புத் துண்டைத் தசைநாணோடு எடுத்துக் குழியின் முன் பொருத்தும் முறையை, பிரான்சின் மிஷெல் லதார்ஷே 1954-இல் விவரித்தார். இன்று ரக்பி போன்ற ஆட்டங்களில் அது மிகப் பரவலாகிவிட்டது.

ரொட்டேட்டர் கஃப் கிழிசலுக்கு வருவோம். விழுந்து அடிபட்டுத் திடீரெனக் கிழிந்து, அன்றிலிருந்து கை தூக்க முடியாமல் போனால், வேலை செய்யும் வயதுள்ளவர் தாமதிக்காமல் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாட்கள் போனால் நாண் சுருங்கி, தசை கொழுப்பாக மாறத் தொடங்கும். மெல்ல மெல்லத் தேய்ந்து கிழிந்தவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து இத்தகைய முழுக் கிழிசல் உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில், இரண்டாண்டுக்குள் அறுவையை நாடியவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நார்வேயில் சிறிய, நடுத்தரக் கிழிசல் உள்ள 103 பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்தபோது, முதலிலேயே தைத்துக்கொண்டவர்கள் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். தொடக்கத்தில் சிறிதாக இருந்த இடைவெளி வருடங்கள் போகப்போக அகன்றது. எழுபது வயதுக்காரருக்குப் பயிற்சியே போதும் என்றிருக்கும் அதே கிழிசல், இன்னும் முப்பது வருடம் கையை வேலை வாங்கப்போகிற நாற்பத்தைந்து வயதுக்காரருக்குத் தையல் கேட்கலாம்.

தைத்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது? முதலில் அழற்சி. பிறகு ஒரு தற்காலிக இழைமம் வளர்கிறது. அது வலுவற்ற கொலாஜனால் ஆனது. மாதக்கணக்கில் அது மெல்ல உறுதியான இழையாக மாறுகிறது. பிறவியில் இருந்த நாண்-எலும்பு இணைப்பில் அடுக்கடுக்காக ஓர் அமைப்பு உண்டு. அது திரும்ப உருவாவதே இல்லை, தழும்புதான் இணைப்பாக நிற்கிறது. இரண்டு மாதத்துத் தையல், பசை காயாத சுவரொட்டியைப் போன்றது: பார்வைக்கு ஒட்டியிருக்கும், ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். நரம்புக்கோ இது தெரியாது. அழற்சி அடங்கியதும் வலியும் அடங்கிவிடுகிறது.

பெரிய கிழிசல்களைத் தைத்த 18 பேரை ஓராண்டு கழித்து அல்ட்ராசவுண்டில் பார்த்த ஆய்வு ஒன்று 2004-இல் வந்தது. 17 பேருக்குத் தையல் விட்டுப்போயிருந்தது. அப்படியும் பெரும்பாலோர் வலி குறைந்து, கை நன்றாகத் தூக்க முடிந்து, மனநிறைவோடு இருந்தார்கள். இந்த முடிவை முதலில் படிக்கும் யாரும் திகைத்துத்தான் போவார்கள். தையல் நிலைப்பதும் நோயாளி தேறுவதும் வெவ்வேறு விஷயங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இதைச் சாக்காக வைத்து, தையல் விட்டால் என்ன என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. அன்றாட வேலைக்கு வலியில்லாத தோள் போதும். தலைக்கு மேல் பளு தூக்குகிறவருக்கும், ஸ்மாஷ் அடிக்கிறவருக்கும், மூட்டை சுமப்பவருக்கும் வலுவும் வேண்டும். நாண் ஒட்டிய தோளில் வலு கூடுதலாகவே திரும்புகிறது.

ஒட்டுவதைக் கெடுப்பவை எவையென்றால்: முதுமை, பெரிய கிழிசல், புகை, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடி என்பது 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின் மதிப்பீடு. அவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் நோயும் அதிகம், அறுவைக்குப் பின் இறுக்கமும் அதிகம். தேதி குறிக்கும் முன் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவைப் பார்ப்பது கட்டாயம். அறுவைக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் கிருமித் தொற்று அபாயம் கூடும். போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அறுவைக்குப் பிந்தைய நாட்களைப் பற்றி மருத்துவமனைத் தாளில் இரண்டு வரிதான் இருக்கும். வீட்டில் அது வேறு மாதிரி. கழுத்தோரம் போட்ட மரப்பு ஊசியால் முதல் நாள் கை யாருடையதோ போலத் தொங்கும். பெரும்பாலும் நள்ளிரவில்தான் மரப்பு விலகும், விலகியதும் வலி ஒரேயடியாக ஏறும். மரப்பு விலகும்வரை காத்திராமல், மருத்துவர் சொன்ன மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். மல்லாந்து படுக்க முடியாது. சாய்வு நாற்காலியோ, சுவரோரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்த படுக்கையோ வேண்டும். முழங்கைக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை வைக்காவிட்டால் கை பின்னால் சரிந்து தையலை இழுக்கும். சட்டை என்றால் பொத்தான் வைத்ததுதான். போடும்போது அறுவை செய்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். பெண்களுக்கு முன்பக்கம் திறக்கும் உடை வேண்டும். பின்னல் போட ஒரு மாதத்துக்கு மேல் இன்னொருவர் உதவி வேண்டும். நம் வெயிலில் ஸ்லிங்குக்குள் அக்குள் வியர்த்துப் புண்ணாகிவிடும். தினமும் ஒரு முறை ஸ்லிங்கைக் கழற்றி, இடுப்பை வளைத்துக் குனிந்து, கை தானாகத் தொங்கும் இடைவெளியில் துடைத்து உலர்த்த வேண்டும். வலது கையில் அறுவை என்றால் சாப்பாடு பெரும் பிரச்சினை. முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து, தட்டை நெஞ்சுயரத்துக்குக் கொண்டுவந்தால் முழங்கையை மட்டும் மடக்கிச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகலாம். பைசெப்ஸ் நாணிலும் வேலை நடந்திருந்தால் இதற்கும் அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும். விரல்களையும் மணிக்கட்டையும் முதல் நாளிலிருந்தே அசைத்துக்கொண்டிருந்தால் கை வீங்காது.

பெரும்பாலான மருத்துவர்கள் ஸ்லிங்குக்கு நாலு முதல் ஆறு வாரம் கொடுக்கிறார்கள். சீக்கிரமே அசைக்கத் தொடங்கினால் கை முன்னதாகத் தாராளமாகிறது; ஓராண்டில் பார்த்தால் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வருகிறார்கள். சிறிய கிழிசலுக்கு முன்னதாகவும் பெரிய கிழிசலுக்குத் தாமதமாகவும் தொடங்குவதே அறிவுடைமை. அந்த வாரங்களில் சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டை விரித்து, கையை அதன்மேல் வைத்து, உடம்பைச் சாய்த்து முன்னே நகர்த்துவார்கள். ஒரு குடையை இரு கையாலும் பிடித்து, நல்ல கையின் பலத்தால் மற்றதை வெளிப்பக்கம் தள்ளுவார்கள். ஸ்லிங் கழன்ற பிறகு கை தன் பலத்தில் தூக்கப் பழகும். அப்போதும் தேநீர் டம்ளருக்கு மேல் கனம் வேண்டாம். மூன்று மாதத்துக்குப் பிறகே ரப்பர் பட்டை, சின்ன டம்பெல். பைக் ஓட்டுவதும், டவுன் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் அந்த வலு திரும்புவதைப் பொறுத்தே. பைக்கில் முக்கியம், திடீரெனப் பிரேக் போடும்போது ஹேண்டில்பாரை உறுதியாகப் பிடிக்க முடிகிறதா என்பது.

பணமும் புகழும் இந்தக் காலத்தைக் குறைத்துவிட முடியாது. சச்சின் டெண்டுல்கருக்கு 2006 மார்ச்சில் லண்டனில் தோள் அறுவை நடந்தது. மேற்கிந்தியத் தீவுச் சுற்றுப்பயணத்தை விட்டுவிட்டு, செப்டம்பரில் கோலாலம்பூரில் திரும்பி வந்து, அதே மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 141 எடுத்தார்; அதன் பிறகும் ஏழாண்டு ஆடினார். ஷ்ரேயஸ் ஐயருக்கு 2021 மார்ச் 23 அன்று புனேயில் இங்கிலாந்துக்கு எதிராகப் பந்தைத் தடுக்கப் பாய்ந்தபோது இடது தோள் நழுவியது. ஏப்ரலில் அறுவை, செப்டம்பரில் துபாயில் ஐபிஎல், நவம்பரில் கான்பூரில் தன் முதல் டெஸ்டிலேயே சதம். நாட்டின் சிறந்த மருத்துவரும் பிசியோவும் முழுநேரமும் கூடவே இருந்த இருவருக்கும் ஏறத்தாழ அரையாண்டு தேவைப்பட்டது. அவர்கள் பேட்ஸ்மேன்கள் என்பதையும் மறக்கக்கூடாது. தோளையே ஆயுதமாக வைத்து ஆடுகிறவருக்குக் கணக்கு இன்னும் கடினம். மரியா ஷரபோவா 2008 அக்டோபரில் தோள் அறுவை செய்துகொண்டு 2009 மே மாதம் வார்சாவில் ஒற்றையர் ஆட்டத்துக்குத் திரும்பினார். சர்வீஸின் கைவீச்சைச் சுருக்கிக்கொண்டு ஆடியதில் இரட்டைத் தவறுகள் குவிந்தன. அவர் மறுபடி கிராண்ட்ஸ்லாம் வென்றது 2012-இல், பாரிஸில். களத்துக்குத் திரும்பியதற்கும் பழைய ஆட்டம் திரும்பியதற்கும் நடுவே மூன்றாண்டு.

டென்னிஸ் சர்வீஸில் உருவாகும் விசையில் பாதிக்கும் மேல் கால்களிலும் இடுப்பிலும் உடலின் நடுப்பகுதியிலும் பிறக்கிறது. ஸ்லிங்கில் கை இருக்கும் வாரங்களில் காலுக்கு விடுமுறை கொடுத்தவர், திரும்பி வந்ததும் குறையும் விசையையெல்லாம் தோளிடம் கேட்பார். நடை, நின்ற சைக்கிள், உட்கார்ந்து எழுதல் எல்லாம் மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்தே தொடங்கலாம். ஓட்டத்துக்குக் காத்திருக்க வேண்டும், விழுந்தால் வினை. ஜிம்முக்குத் திரும்புகிறவருக்கு ஒரு நடைமுறை விதி: நேரே பார்த்து நிற்கையில் கைகள் கண்ணில் படும் எல்லையைத் தாண்டிப் பின்னால் போகும் எந்தப் பயிற்சியையும் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ், அகலப் பிடியில் நெஞ்சுவரை இறக்கும் பெஞ்ச் பிரஸ், ஆழமான டிப்ஸ் மூன்றும் அந்தப் பட்டியலில் அடங்கும். நாட்காட்டியை மட்டும் பார்த்துக் களம் இறங்குவதும் சரியில்லை. அசைவு முழுதாக இருக்கிறதா, வெளிச்சுழற்சியின் வலு மறு கையில் பத்தில் ஒன்பது பங்காவது வந்ததா, களைத்த பிறகும் அதே வலு நிற்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். அடிபட்டது வலது கையாளருக்கு வலது தோள் என்றால், பலம் குறைந்த இடது கையோடு ஒப்பிடுகிறோம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் தேறிய பிறகும் கையை நீட்டிப் பாய மனம் ஒப்பாது. அந்தப் பயம் கோழைத்தனம் ஆகாது. முதலில் மெத்தையில், பிறகு மணலில், பிறகு மைதானத்தில் விழப் பழகினால்தான் அது விலகும்.

மற்றக் காயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காறை எலும்பு முறிவு பெரும்பாலும் ஸ்லிங்கிலேயே சேரும். துண்டுகள் நன்றாக விலகியிருந்தால் பிளேட் வைப்பது சேராமல் போகும் வாய்ப்பைக் குறைக்கிறது. காறை எலும்பின் நுனி மூட்டு மேலே துருத்திக்கொண்டால் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் மிகக் கடுமையான வகைகளைத் தவிர மற்றவற்றுக்கு அறுவையால் பெரிய ஆதாயம் இல்லை. தோள் இறுகிப்போகும் நோய்க்கு 503 பேரை வைத்து பிரிட்டனில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், மயக்கத்தில் வைத்துக் கையை விடுவிப்பது, நுண்துளை அறுவை, ஊசியோடு கூடிய பிசியோ மூன்றில் எதுவும் மற்றதைவிடத் தெளிவாக மேலானதாகத் தெரியவில்லை.

இத்தனை ஆய்வுகளிலும் ‘களத்துக்குத் திரும்புதல்’ என்றால் பெரும்பாலும் விளையாட்டுக் களம்தான். தோளை நம்பிப் பிழைக்கும் நம் மக்களில் மிகப் பெரும்பாலோர் வேறு களத்தில் இருக்கிறார்கள்: லாரியில் மூட்டை ஏற்றுகிறவர், பனை ஏறுகிறவர், கூரைக்குப் பெயின்ட் அடிக்கிறவர், சாந்துச் சட்டியைத் தலைக்குத் தூக்கிக் கொடுக்கும் சித்தாள். அவர்களுக்கு ஆறு மாத ஓய்வு என்பது ஆறு மாதக் கூலி. மூன்றாவது மாதத்தில் வலி போனதும் அவர்கள் சாரத்தில் ஏறிவிடுவதை அவசரக் குணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரிசிப் பானை ஏற்றிவிடுகிறது. அவர்களுக்கும் வீரர்களுக்கு வகுப்பதுபோல ஒரு படிவரிசை வகுக்க முடியும். பெயின்டர் என்றால் நாலாவது மாதத்தில் உட்கார்ந்து செய்யும் உப்புத்தாள் வேலையும் இடுப்புயரம்வரை சுவரும்; ஐந்தாவது மாதத்தில் நெஞ்சுயரம், ரோலரை இரு கையாலும் பிடித்து; ஆறுக்கு மேல் நீளக் கம்பில் பொருத்திய ரோலரோடு தலைக்கு மேல், அதுவும் அரை மணிக்கு ஒரு முறை இறங்கி; கூரையும் ஏணியும் கடைசியில். மேஸ்திரியிடம் காட்டுவதற்காக, இந்த வரிசையை மருத்துவர் தன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அந்தப் பெயின்டர் பாதிக் கூலிக்காவது வேலைக்குப் போக முடியும். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே அதற்கு இடம் இருக்கிறது.